ஆய்வுக்கு நடுவே அவுட்ரீச்: உழைப்பு வீணாகாமல் பெயரும் கிடைக்கச் செய்வது எப்படி? ஒரு முழு வழிகாட்டி

பி.எச்டி சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆன ஒருவரிடம், உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய் உங்கள் ஆய்வைப் பற்றிப் பேசுங்களேன் என்று சொல்லிப் பாருங்கள். ஆசை முகத்திலேயே தெரியும். அடுத்த நொடி இரண்டு கேள்வி வரும்: கைடு என்ன சொல்வார்? இதனால் எனக்கு என்ன கிடைக்கும்? இரண்டாவதைச் சத்தமாகக் கேட்கப் பலருக்கும் கூச்சம், சேவைக்குக் கூலி கேட்பது போல ஆகிவிடுமோ என்று. கூச்சமே வேண்டாம். ஒரு சனிக்கிழமையையும் அதற்கு முந்தைய இரண்டு மூன்று ராத்திரிகளையும் கொடுக்கிறீர்கள், அது சி.வி.யில் ஒரு வரியாகவாவது நிற்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் வேலையில், அதாவது அவுட்ரீச்சில், எத்தனையோ வகை இருக்கிறது, அங்கீகாரத்தோடு வருவது அதில் கொஞ்சம்தான். எதைச் செய்தால் கையில் ஏதாவது மிஞ்சும் (கடிதம், அச்சான கட்டுரை, வீடியோ, பரிசு, நிதி), எதில் ஒரு பொன்னாடையோடு கதை முடிந்துவிடும் என்று முதலிலேயே பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இந்தியாவில், அதிலும் தமிழ்நாட்டில் ஆய்வு செய்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் பாதியாவது பொருந்தும்.

முதலில், உண்மை நிலவரம்

மக்களிடம் பேசினால் சக விஞ்ஞானிகள் மதிக்க மாட்டார்கள் என்ற பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. அமெரிக்க வானியலாளர் கார்ல் சாகனை 1992-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிக்கு உறுப்பினராக முன்மொழிந்தார்கள், எதிர்ப்பு கிளம்பி அவர் தேர்வாகவில்லை. டிவியில் வந்து பிரபலமானதுதான் காரணம் என்று பலரும் சொன்னார்கள். அதே அகாடமி 1994-ல் அவருக்குப் பொதுநலப் பதக்கம் கொடுத்தது! உறுப்பினர் பதவிக்கு ஆகாதவர் பதக்கத்துக்கு ஆனார்.

அது ஒரு தனிமனிதர் கதை. மொத்தமாகப் பார்த்தால் நிலைமை வேறு. பிரான்சின் தேசிய ஆய்வு அமைப்பான சி.என்.ஆர்.எஸ். ஆய்வாளர்களை வைத்து பாப்லோ ஜென்சன் குழு 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மக்களிடம் பேசுகிற, எழுதுகிற ஆய்வாளர்கள் மற்றவர்களைவிட ஆய்விலும் சுறுசுறுப்பாகவே இருக்கிறார்கள் என்று அதில் கண்டார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள், அதைத்தான் நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: அந்த வேலை அவர்களின் பதவி உயர்வை அனேகமாகக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆக, பயப்படவும் தேவையில்லை, தானாக எதுவும் வந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

இந்தியாவில் காகிதத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 மே மாதம் மத்திய அரசு அறிவியலாளர்களின் சமூகப் பொறுப்பு குறித்த வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சுருக்கமாக எஸ்.எஸ்.ஆர். என்பார்கள். ஆய்வாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் இப்படிப்பட்ட வேலைக்குத் தர வேண்டும், பணி மதிப்பீட்டில் அதற்கு இடம் தர வேண்டும் என்கிறது அது. எல்லா நிறுவனத்திலும் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த ஆவணம் உங்களுக்கு ஓர் ஆயுதம், அடுத்த படியிலேயே அது பயன்படும்.

படி 1: கைடிடம் பேசுவது

"சார், நான் ஸ்கூலில் போய்ப் பேசலாமா?" என்று கேட்டால், "முதலில் அந்த ரிவிஷனை முடி" என்றுதான் பதில் வரும். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அது உங்கள் நேரத்தில் விழுகிற ஓட்டையாகத்தான் தெரிகிறது. அதனால் அவருக்கும் பயன்படும் கோணத்தில் போங்கள். அவருடைய ப்ராஜெக்ட், ஆய்வுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பான எஸ்.இ.ஆர்.பி. பணத்தில் நடக்கிறதா (இப்போது அது ஏ.என்.ஆர்.எஃப். ஆகிவிட்டது)? அப்படியானால் எஸ்.எஸ்.ஆர். வேலையாக என்ன செய்தீர்கள் என்று அறிக்கையில் அவர் எழுத வேண்டிவரலாம். "சார், எஸ்.எஸ்.ஆர். பகுதிக்கு நான் ஒரு பள்ளி நிகழ்ச்சி செய்து, ஒரு பக்க அறிக்கையும் படங்களும் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும். மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது. 2017-ல் கேந்திரிய வித்யாலயாக்களோடு சேர்ந்து தொடங்கிய ஜிக்யாசா திட்டம் இருக்கிறது. காரைக்குடி செக்ரி, சென்னை சி.எல்.ஆர்.ஐ. போன்ற இடங்களில் பள்ளி மாணவர்கள் ஆய்வகத்துக்கே வருவார்கள். அந்தப் பொறுப்பாளரைத் தேடிப்போய்ப் பெயர் கொடுத்தால் போதும், ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள்தான் அவர்கள்.

டி.சி. (உங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் அறிக்கையிலும் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கமிட்டியில் யாராவது ஒருவர் புன்னகைப்பார். நாளைக்கு உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போவதும் பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.

படி 2: ஒரே ஒரு நிகழ்ச்சியைச் செதுக்குங்கள்

புதிதாக இறங்குகிறவர்கள் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு புது பிபிடி செய்து சோர்ந்துபோகிறார்கள். வேண்டாம். ஒரே நிகழ்ச்சி, நாற்பது நிமிடம், அதில் பதினைந்து நிமிடமாவது பிள்ளைகள் கையால் எதையாவது செய்ய வேண்டும். அதையே பத்து இடத்தில் செய்யுங்கள். ஏழாவது தடவைதான் எந்த இடத்தில் சிரிப்பார்கள், எந்த இடத்தில் தூங்குவார்கள் என்று உங்களுக்கே பிடிபடும்.

உங்கள் ஆய்வுத் தலைப்பை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். அதற்கு அடியில் இருக்கிற கேள்வியை எடுங்கள். பாக்டீரியா பிலிம் பற்றி ஆய்வா? குடிநீர்த் தொட்டியின் உட்புறம் ஏன் வழுவழுப்பாக இருக்கிறது என்று தொடங்குங்கள். செடிகளின் இலைத்துளை பற்றியா? ஓர் இலையின் அடிப்பக்கத்தில் நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் டேப்பால் உரித்து, அந்தப் படலத்தை ஒரு காகித நுண்ணோக்கியில் காட்டுங்கள். ஸ்டான்ஃபோர்டின் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் அதற்குப் போதும், கரெண்ட் இல்லாத வகுப்பறையிலும் ஓடும்.

செலவே இல்லாத, ஆனால் பத்திரிகைக்காரர்களும் வந்து படம் எடுக்கிற ஒரு நிகழ்ச்சி வேண்டுமென்றால் நிழலில்லா நாள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் உள்ள எந்த ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த குச்சியின் நிழல் அதன் காலடியில் மறைந்துவிடும். சென்னையில் ஏறக்குறைய ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் தொடக்கத்திலும். ஏப்ரலில் பள்ளிகள் தேர்வு, விடுமுறை என்று இருப்பதால் ஆகஸ்ட்தான் வசதி, மேகம் குறுக்கே வராமல் இருந்தால். ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு, தரை மட்டமா என்று பார்க்க ரசமட்டம், வெயிலுக்குத் தொப்பி, அவ்வளவுதான்.

இதில் ருசியான பகுதி அடுத்து வருகிறது. சென்னையில் நிழல் மறையும் அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு பள்ளி, அந்த ஊர் உச்சிவேளையில் குச்சியின் நிழலை அளந்தால் சூரியன் நேர் உச்சியிலிருந்து 5 பாகை விலகி நிற்பது தெரியும். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 555 கி.மீ. (சாலைத் தூரம் இல்லை, அது இதைவிட அதிகம்). 5 பாகைக்கு 555 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? 72 மடங்கு, 39,960 கி.மீ. ஒரு குழாய்த் துண்டையும் ஒரு போன் காலையும் வைத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தில் செய்ததும் இதே தந்திரம்தான். உங்கள் துறை வேதியியலாகவே இருக்கட்டும், முதல் நிகழ்ச்சிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

படி 3: மேடையைத் தேடுவது

அரசுப் பள்ளிக்கு நேரே போய் எச்.எம்.மைப் பார்த்துப் பேசிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியிலிருந்து வந்த ஒருவர் முற்பிறவிப் பாவம் என்றெல்லாம் பேசிப் பெரிய சர்ச்சை ஆனது நினைவிருக்கும். அதற்குப் பிறகு வெளியாட்களை உள்ளே விடுவதில் கூடுதல் எச்சரிக்கை வந்திருக்கிறது. என்ன பேசப்போகிறீர்கள், எந்தத் துறை, எந்தக் கல்லூரி என்று ஒரு பக்கக் கடிதம், உங்கள் துறைத் தலைவர் கையெழுத்தோடு, முதன்மைக் கல்வி அலுவலகம் வழியாகப் போவது பாதுகாப்பு. கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்தே பின்னால் உங்களுக்கு ஆவணம்.

அலைச்சல் வேண்டாமென்றால் ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதல் இந்த வேலையில் இருக்கிறது, ஏறக்குறைய எல்லா மாவட்டத்திலும் ஆள் உண்டு. குறிப்பாகத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பாருங்கள். 1993-ல் தொடங்கியது, 10 முதல் 17 வயதுவரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்து மாவட்டம், மாநிலம், தேசம் என்று போவார்கள். அதில் வழிகாட்டியாகவோ மதிப்பீட்டாளராகவோ இருக்கலாம். வழிகாட்டி வேலை கடினம், மாதக்கணக்கில் இழுக்கும், ஆனால் உங்கள் பிள்ளைகள் மாநில அளவுக்குப் போனால் அது உங்களுக்கும் பெருமை. மதிப்பீட்டாளர் வேலை ஒரே நாள், முறையான அழைப்புக் கடிதமும் வரும். முதல் வருடம் மதிப்பீட்டாளர், அடுத்த வருடம் வழிகாட்டி என்று போனால் எந்த ஆய்வு எங்கே தடுக்கி விழுகிறது என்பது முன்பே தெரிந்திருக்கும்.

பள்ளிக் கல்வித் துறை 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வகுப்புவரை செய்முறைச் சோதனைகளை எடுத்துப் போகிறது. அதன் கருத்தாளர்களுக்கு உங்கள் நிகழ்ச்சியைக் கற்றுக்கொடுத்துப் பாருங்கள், நீங்கள் ஒரு பள்ளிக்குப் போவதற்குப் பதில் நிகழ்ச்சி நூறு பள்ளிக்குப் போய்விடும். விண்ணப்பங்களில் நன்றாக எடுபடுவதும் இதுதான்: "நான் பேசினேன்" என்பதைவிட "நான் செய்ததை மற்றவர்கள் எடுத்துச் செய்கிறார்கள்" என்ற வரிக்கு எடை பல மடங்கு.

வானியல்காரர்களுக்கு யோகம் அதிகம். இந்திய வானியல் சங்கத்துக்குத் தனியாக ஒரு மக்கள் தொடர்புக் குழு இருக்கிறது. காவலூர் வைணு பாப்பு வானோக்ககத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பார்கள். 2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணத்துக்குத் திண்டுக்கல், கோவைப் பக்கம் கூடிய கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21, கேரளம், தென் தமிழகம் வழியாகப் போகிறது, இப்போது பி.எச்டி சேருகிறவர் அதற்குள் ஆசிரியராகியிருப்பார். உயிரியல், சூழலியல் ஆட்களுக்குப் பொங்கலை ஒட்டி வரும் பறவைகள் கணக்கெடுப்பு. உங்கள் கல்லூரி வளாகத்தில் மாணவர்களைக் கூட்டி அதை நடத்தி, பட்டியலை இ-பேர்டு என்ற இணையதளத்தில் ஏற்றினால் நாளும் இடமும் பெயரும் அங்கேயே பதிவாகிவிடும்.

ஊரில் எதுவுமே இல்லை என்கிறவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஸ்கைப் எ சயன்டிஸ்ட். 2017-ல் சாரா மெக்கனல்டி என்ற கணவாய் ஆய்வாளர் தொடங்கியது. பதிவு செய்தால் உலகின் ஏதோ ஒரு மூலையில் உள்ள வகுப்பறையோடு உங்களை இணைப்பார்கள், வீடியோ காலில் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், பயணமே இல்லை. இரண்டு, நீங்களே ஒன்றைத் தொடங்குவது. மும்பையில் டி.ஐ.எஃப்.ஆர். என்ற டாடா ஆய்வு நிறுவனம் 2009-ல் பிருத்வி தியேட்டரில் "சாய் அண்ட் வொய்" என்று தொடங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள், டீயைக் குடித்துக்கொண்டே அறிவியல் பேசுவது, அவ்வளவுதான். சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் மியூசிக் அகாடமியில் "சயன்ஸ் அட் த சபா" நடத்துகிறது. உங்களுக்கு மியூசிக் அகாடமி தேவையில்லை, ஊர் நூலகத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் பத்து நாற்காலியும் போதும். "நிறுவனர், ஒருங்கிணைப்பாளர்" என்ற வரி "பேச்சாளர்" என்பதைவிடப் பல தேர்வுக் குழுக்களின் கண்ணில் நன்றாகப் படும். ஆனால் மூன்று மாதத்தில் நிறுத்திவிடுவதென்றால் தொடங்கவே வேண்டாம்.

படி 4: எழுதுங்கள், அதுவும் டி.ஓ.ஐ. கிடைக்கிற இடத்தில்

பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும் என்பது ஆய்வு உலகில் அப்பட்டமான உண்மை. இந்திய அறிவியல் அகாடமி (1934-ல் சி.வி. ராமன் பெங்களூரில் தொடங்கியது) 1996 முதல் ரெசொனன்ஸ் என்ற இதழை நடத்துகிறது. இளங்கலை மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும், மதிப்பீடு நடக்கும், டி.ஓ.ஐ. (ஒரு கட்டுரையை இணையத்தில் நிரந்தரமாக அடையாளம் காட்டும் எண்) உண்டு. உங்கள் தீசிஸின் முதல் அத்தியாயத்தில் இருக்கிற பின்னணி விளக்கத்தைப் பிரித்துத் தெளிவாக எழுதினாலே ரெசொனன்ஸுக்கு ஒரு கட்டுரை தேறும். நிறைய பேர் இதை யோசிப்பதே இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்குப் போட்டி குறைவு, தேவை அதிகம். அறிவியல் இயக்கத்தின் துளிர் 1987 முதல் பிள்ளைகளுக்காக வருகிறது. நாளிதழ் இணைப்பிதழ்களுக்கு எழுதுவதென்றால் 600 சொல்லுக்குள், ஒரே ஒரு கருத்து, முதல் வரியிலேயே விஷயம். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் துறைக் கட்டுரைகளைத் திருத்துவது மிக நல்ல காரியம், ஆனால் அங்கீகாரம் என்று பார்த்தால் அனேகமாக எதுவும் வராது. மனத் திருப்திக்குச் செய்யுங்கள், சி.வி.க்காகச் செய்யாதீர்கள்.

அவ்சார் என்ற போட்டி பற்றிப் பலரும் கேட்பார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை (டி.எஸ்.டி.) 2018-ல் தொடங்கியது, பி.எச்டி மாணவர்களும் போஸ்ட்டாக்களும் தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்கான கதையாக எழுத வேண்டும். பி.எச்டி பிரிவில் முதல் பரிசு 1 லட்சம் ரூபாய், அடுத்தது 50,000, மூன்றாவது 25,000, அது போக நூறு கதைகளுக்குத் தலா 10,000 என்று அறிவித்தார்கள். இந்த அளவு பரிசு வேறெங்கும் ஒரு மாணவருக்குக் கிடைப்பது கடினம். புதிய அறிவிப்பு இருக்கிறதா என்று டி.எஸ்.டி. தளத்தில் பார்த்துவிட்டுப் பிறகு உட்காருங்கள். அறிவிப்பு இல்லாவிட்டாலும் அந்த அளவில் ஒரு கதையை எழுதி வைத்திருப்பது நல்லது, அதை நாலு இடத்துக்கு அனுப்பலாம்.

படி 5: மூன்று நிமிடப் போட்டிகள்

ஒரே நாளில் பெயர் வேண்டுமென்றால் இதுதான் வழி. த்ரீ மினிட் தீசிஸ் 2008-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அசையாத ஒரே ஒரு ஸ்லைடு, மூன்று நிமிடம், கையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஃபேம்லேப் 2005-ல் இங்கிலாந்தின் செல்ட்னம் அறிவியல் விழாவில் பிறந்தது, அங்கே ஸ்லைடும் கிடையாது. உள்ளடக்கம், தெளிவு, ஈர்ப்பு என்று மூன்றுக்கும் மதிப்பெண். ஃபாலிங் வால்ஸ் லேப் பெர்லினில், சுவர் விழுந்த நாளான நவம்பர் 9-ஐ ஒட்டி நடக்கும் மாநாட்டோடு சேர்ந்தது. அதற்கான தேர்வுச் சுற்றுகள் இந்தியாவிலும் நடந்திருக்கின்றன, வெல்கிறவர் பெர்லின் போகலாம்.

தயாரிப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல ஆய்வாளர்களே இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மூன்று நிமிடம் என்றால் ஆங்கிலத்தில் 400 சொல்லுக்கு உள்ளே, தமிழில் 250 முதல் 300. முதலில் தமிழில் வீட்டில் அம்மாவிடமோ சித்தப்பாவிடமோ சொல்லிப் பாருங்கள், போட்டி ஆங்கிலத்தில் இருந்தாலும்கூட. "அதனால என்னப்பா ஆகும்?" என்று அவர்கள் கேட்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முறைகளை விவரிக்காதீர்கள். எந்தக் கருவி, எந்த மென்பொருள் என்பதெல்லாம் நடுவர்களுக்குத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருந்தது என்ன, இப்போது தெரிந்தது என்ன, அதனால் யாருக்கு என்ன என்று மூன்றே பகுதி. அப்புறம், முடிவு வரியை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மற்றதை மனப்பாடம் செய்யாதீர்கள். மேடையில் ஒரு சொல் மறந்தால் மனப்பாடக்காரர் அங்கேயே நின்றுவிடுவார்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு போட்டி இல்லையென்றால், தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28-க்கு (ராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928-ன் நினைவாக 1987 முதல் கொண்டாடப்படுவது) நீங்களே ஒன்றை நடத்துங்கள். அன்று எல்லாத் துறையும் ஏதாவது ஒரு நிகழ்ச்சி தேடிக்கொண்டிருக்கும், அனுமதி எளிதாகக் கிடைக்கும்.

படி 6: கைக்காசு போடாதீர்கள்

ஃபெலோஷிப் பணமே நான்கு மாதம் தாமதமாக வருகிற நாட்டில் பஸ் செலவும் சோதனைப் பொருள்களும் சொந்தக் காசில் வேண்டாம். ஒளியியல், லேசர் துறையினருக்கு எஸ்.பி.ஐ.இ. என்ற சர்வதேசச் சங்கம் கல்விப் பரப்புரைக்கு நிதி தருகிறது. மே 16 சர்வதேச ஒளி நாள், 1960-ல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிய நாள், அதை ஒட்டிய நிகழ்ச்சிகளுக்கும் அவர்கள் உதவுவதுண்டு. வானியலில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வளர்ச்சிக்கான வானியல் அலுவலகம் ஆண்டுதோறும் திட்டங்களைக் கேட்டு நிதி தருகிறது. உயிரியல், மருத்துவத்தில் இந்தியா அலையன்ஸ் நடத்தும் அறிவியல் தொடர்புப் பயிலரங்குகளுக்கு விண்ணப்பியுங்கள், பயிற்சியும் கிடைக்கும், அங்கே வரும் ஆட்களின் அறிமுகமும் கிடைக்கும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சிறிய தொகையாக இருந்தாலும், போட்டியில் ஜெயித்து வாங்கிய நிதி என்பது சி.வி.யில் "கிராண்ட்" என்ற தலைப்பின் கீழ் போகும். முப்பதாயிரம் ரூபாய் நிகழ்ச்சி நிதியை நீங்களே எழுதி வாங்கிக் கணக்குக் கொடுத்து முடித்தவர் என்றால், நாளைக்கு முப்பது லட்சம் கேட்கும்போது அந்த வரி பேசும்.

படி 7: ஆவணம்

சலிப்பான வேலைதான், ஆனாலும் அங்கீகாரத்தில் பாதி இதில்தான் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்த அன்றே, ஊருக்குக் கிளம்பும் முன்பே, பள்ளியின் கடிதத்தாளில் நாள், தலைப்பு, எந்த வகுப்பு, எத்தனை மாணவர்கள், முத்திரை, எச்.எம். கையெழுத்து. நாளை அனுப்புகிறேன் என்றால் வராது. பொன்னாடை, நினைவுக் கேடயம் எல்லாவற்றையும் விட இந்த ஒரு தாள் மேல். பிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களைப் பள்ளியின் எழுத்து அனுமதி இல்லாமல் எங்கும் போடாதீர்கள்; முதுகுப்புறமிருந்து, கைகள் சோதனை செய்வது மாதிரி எடுத்தால் பிரச்சினையே இல்லை.

பிள்ளைகளிடம் துண்டுச்சீட்டு கொடுத்து, இன்னும் தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு கேள்வியை எழுதச் சொல்லுங்கள். கருத்துப் படிவத்தில் எல்லோரும் "மிகவும் நன்றாக இருந்தது" என்றுதான் எழுதுவார்கள், அதில் ஒன்றும் இல்லை. கேள்விகளில்தான் என்ன புரிந்தது, எது புரியவில்லை என்று தெரியும். விருது விண்ணப்பத்தில் "தாக்கம்" என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் போட உண்மையான சரக்கும் அதுதான்.

ஸ்லைடுகளையும் செய்முறைக் குறிப்பையும் ஜெனடோவில் ஏற்றுங்கள். ஐரோப்பாவின் செர்ன் நடத்தும் இலவசக் களஞ்சியம், ஏற்றியதற்கு டி.ஓ.ஐ. கிடைக்கும். அதை ஆர்கிட் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் தரும் தளம்) பக்கத்தில் சேருங்கள். இணையத்தில் வந்த உங்கள் கட்டுரைகளைப் பி.டி.எஃப். ஆகவும் இன்டர்நெட் ஆர்கைவிலும் சேமித்து வையுங்கள். அரசு அமைப்புதானே, எங்கே போய்விடப் போகிறது என்று இருக்காதீர்கள். அறிவியல் பரப்புதலுக்கென்றே மத்திய அரசு 1989-ல் தொடங்கிய விஞ்ஞான் பிரசாரே 2023-ல் மூடப்பட்டது.

படி 8: விருதுகள், கீழிருந்து மேலே

பழைய பட்டியல்களை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். 2022-ல் மத்திய அரசு அறிவியல் அமைச்சகங்களின் விருதுகளைப் பெருமளவு குறைக்க முடிவெடுத்தது. புகழ்பெற்ற பட்நாகர் விருதே பழைய வடிவில் இப்போது இல்லை, அதன் இடத்தில் 2024 முதல் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் வந்துவிட்டது. அறிவியல் பரப்புதலுக்கான விருதுகளும் இந்த வெட்டிலிருந்து தப்பியதாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்த விருதானாலும் இந்த ஆண்டு அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே உழையுங்கள்.

துறைச் சங்கங்களின் விருதுகள்தான் நம்பிக்கையானவை, போட்டியாளர்களும் குறைவு. வானியலில் மக்கள் தொடர்புக்கென்றே இந்திய வானியல் சங்கம் ஜுபின் கெம்பாவி விருதை வைத்திருக்கிறது. உங்கள் துறைச் சங்கத்தில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் ஆண்டு மாநாட்டில் அவுட்ரீச் அமர்வாவது இருக்கும், அதில் ஒரு போஸ்டர் போடுங்கள். தமிழில் புத்தகமே எழுதிவிட்டீர்கள் என்றால் தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசுக்கு அனுப்பலாம், அதில் அறிவியல் பிரிவுகள் தனியாக உண்டு. கவிதைப் பிரிவில் இருக்கும் நெரிசல் அங்கே கிடையாது.

உச்சியில் இருப்பது யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு. பிஜு பட்நாயக் கொடுத்த நன்கொடையில் 1952 முதல் வழங்கப்படுகிறது, முதலில் பெற்றவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி டி பிராய். இந்தியாவிலிருந்து வானியலாளர் நார்லிகர் (1996), கண் ஆய்வாளர் டி. பாலசுப்ரமணியன் (1997), இயற்பியலாளர் யஷ் பால் (2009) போன்றோர் பெற்றிருக்கிறார்கள். நீங்களே விண்ணப்பிக்கிற விருது இல்லை இது, நாடுகள் வழியாகப் பரிந்துரை போக வேண்டும். இந்தப் பெயர்களைச் சொல்வதற்குக் காரணம், மூவருமே ஆய்விலும் முன்வரிசையில் இருந்தவர்கள். பாலசுப்ரமணியன் ஆய்வகத்தில் இருந்துகொண்டே பல்லாண்டுகள் நாளிதழில் பத்தி எழுதியவர்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது வெறும் "சார், ஒரு லெட்டர்" என்று நிற்காதீர்கள். என்ன செய்தீர்கள், எத்தனை பள்ளி, எது இன்னும் தொடர்கிறது, எதை மற்றவர்கள் எடுத்துச் செய்கிறார்கள் என்று அரைப்பக்கம் எழுதிக் கையில் கொடுங்கள். ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்தும் ஒரு கடிதம் வாங்குங்கள். பேராசிரியர்களின் கடிதங்களுக்கு நடுவில் அது தனியாகத் தெரியும்.

படி 9: மறுப்பது

கொஞ்சம் பெயர் வந்ததும் அழைப்புகள் குவியும். ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர், ஒரே பிற்பகலில் எண்பது தெர்மோகோல் எரிமலைகளுக்கு மதிப்பெண் போடுவது, "எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்று சொல்லி இலவசமாகப் பாடம் எழுதச் சொல்லும் கல்வி நிறுவனங்கள். இவற்றில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. பெண் ஆய்வாளர்களுக்கு இன்னொரு சுமை: பிப்ரவரி 11 (அறிவியலில் பெண்களுக்கான சர்வதேச நாள்), மார்ச் 8 (மகளிர் தினம்) இரண்டு நாளும் ஊரில் உள்ள எல்லாக் கல்லூரியும் ஒரே நாலு பேரைத்தான் தேடும், அதுவும் ஆய்வைப் பற்றிப் பேச இல்லை, வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்க. ஆய்வைப் பற்றிப் பேசவிட்டால் வருகிறேன் என்று நேராகவே சொல்லுங்கள்.

சரி, ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். பருவத்துக்கு இரண்டு நிகழ்ச்சி, வருடத்துக்கு ஓர் எழுத்து, ஒரு போட்டி அல்லது நிதி விண்ணப்பம். சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன் கொடுக்கும் ஆய்வுச் சுருக்கம்) கொடுக்கப்போகும் வருடத்தில் எழுத்து மட்டும். பயணச் செலவு தருவீர்களா, புரொஜெக்டர் உண்டா, எத்தனை பேர், எந்த வகுப்பு என்று போனிலேயே கேட்டுவிடுங்கள், பதில் இழுத்தடித்தால் போக வேண்டாம். மறுக்கும்போது வெறுமனே மறுக்காமல் இன்னொரு பெயரைக் கொடுங்கள். உங்கள் லேபிலேயே இரண்டாம் வருட ஜூனியர் ஒருவர் இருப்பார், இன்னும் ஒரு மேடையும் ஏறியிருக்க மாட்டார். அவருடைய நம்பரோடு உங்கள் ஸ்லைடுகளையும் அந்தக் குழாய்த் துண்டையும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.